படகைக் கரையில் கட்டிய பிறகு பிள்ளைகளை என்ன செய்வது? வாசகர் கேள்வி – பதில்

ஆலப்புழைப் படகு வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் வாசகர்கள், படகைவிடப் பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். எந்தப் படகு, எவ்வளவு வாடகை என்பதை ஒதுக்கிவிட்டு இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பிச்சாவரம், ஏற்காடு பற்றி வந்தவையும் இதில் உண்டு.

ஒரு ராத்திரிக்குப் படகு வீடு எடுத்திருக்கிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 6. போய்வந்த உறவினர்கள், "ரெண்டு மணி நேரத்துல எப்ப இறங்குவோம்னு கேட்க ஆரம்பிச்சிடுவாங்க" என்கிறார்கள். முழு நாளும் எப்படிச் சமாளிப்பது? (வாசகி, திருப்பூர்)

முதலில் படகின் நேரக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பகல் 12 மணி வாக்கில் ஏறுவீர்கள், மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவீர்கள். 21 மணி நேரம். ஆனால் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையோரம் நிற்கும். மாலை 5.30, 6 மணிக்கெல்லாம் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் இரவில் மீனவர்கள் வலை விரிக்கும் நீர்வழி அது. காலை 7.30க்கு மேல் இன்னொரு சுற்று, அதோடு சரி. படகு நகரும்வரை கரையே வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கும். நின்றபின் வேடிக்கையும் நின்றுவிடும். எனவே பிள்ளைகளுக்கென்று எடுத்துப்போவதில் பாதிக்கு மேல், மாலை 6 மணியிலிருந்து தூங்கும்வரைக்கானதாக இருக்கட்டும். பலர் பையில் உள்ளதையெல்லாம் ஏறிய ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடுகிறார்கள். ராத்திரிக்குக் கைபேசியைத் தவிர எதுவும் மிஞ்சுவதில்லை.

வீட்டிலேயே மூன்று பொட்டலம் கட்டி, மேலே நேரம் எழுதி ஒட்டிவிடுங்கள்: "மதியம் 2", "மாலை 6", "காலை 6". எழுதிய நேரத்துக்கு முன்னால் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஏறிய முதல் ஒன்றரை மணி நேரம் எதுவும் தேவைப்படாது. சமையலறை எங்கே, கழிப்பறைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஓட்டுபவர் எதைத் திருப்புகிறார் என்று அவர்களே சுற்றிப் பார்க்கட்டும், நீங்கள் கூடவே நடங்கள். ஓட்டுபவரை அங்கே ஸ்ராங்கு என்பார்கள். அவர் இருக்கை முன்தளத்திலேயே இருப்பதால் பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் மிகவும் பிடிக்கும்.

2 மணிப் பொட்டலத்தில் பையனுக்கு ஒரு 40 பக்க நோட்டு, நூலில் கட்டிய பென்சில். நூல் கட்டாத பென்சில் உருண்டு தண்ணீருக்குள் போய்விடும். படகின் பதிவேட்டை எழுதுவது அவன் பொறுப்பு. கால் மணி நேரத்துக்கு ஒரு வரி: மணி, இடக்கரையா வலக்கரையா, என்ன பார்த்தான், எத்தனை. வேறு ஒன்றும் வேண்டாம். கால் மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து கரையைப் பார்த்தாக வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஒரு தடவை பார்த்தால் பத்து நிமிடம் பார்ப்பான்.

பெண்ணுக்கு 12 கட்டம் போட்ட கெட்டி அட்டை. பயணத்துக்கு முந்தைய வாரம் அவளோடு உட்கார்ந்து கட்டத்துக்கு ஒரு படம் வரையுங்கள். எட்டுக் கட்டம் கட்டாயம் தென்படக்கூடியவை: நீர்க்காகம், மீன்கொத்தி, வெள்ளைக் கொக்கு, வாத்துக் கூட்டம், ஆகாயத்தாமரை, தென்னை மரப் பாலம், துணி துவைக்கும் படித்துறை, ஆள் ஏற்றும் படகு. மூன்று சற்றுத் தேட வேண்டியவை: சீன வலை, செம்மண் நிற முதுகும் வெள்ளைத் தலையும் கொண்ட செம்பருந்து, பாம்புபோல் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா. ஒன்று அபூர்வமானது: நீளமான பந்தயப் படகான சுண்டன் வள்ளம். பார்த்ததும் அந்தக் கட்டத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டட்டும். பேனா வேண்டாம், கறைதான் மிஞ்சும். எல்லாமே அரிதானதாகப் போட்டால் அரை மணியில் அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவாள். அதனால்தான் எட்டு எளியவை.

நீர்க்காகம் ஏன் சிறகை விரித்துக்கொண்டு கம்பத்தில் நிற்கிறது என்று கேட்பார்கள். அதன் இறகு வாத்தின் இறகைப் போலத் தண்ணீரை முழுக்க உதறாது, நனைந்துவிடும். நனைவதால் ஆழம் முங்குவது எளிது, ஆனால் மேலே வந்ததும் காயவைத்தாக வேண்டும். இன்னொன்றையும் காட்டுங்கள். ஆலப்புழையை ஒட்டிய நெல்வயல் பகுதியான குட்டநாட்டில் படகு போகும் வாய்க்கால் மேலே இருக்கும், பக்கத்து நெல்வயல் கீழே இருக்கும். கடல்மட்டத்துக்கு 1 முதல் 3 மீட்டர் வரை தாழ்ந்த வயல்கள் அவை. வயல் தண்ணீரை மேலே இறைத்து வாய்க்காலில் தள்ள அங்கே வழிவழியாக இருப்பது "பெட்டியும் பறையும்" என்ற இறைப்பொறி. வரப்போரம் மரப்பெட்டி போன்ற ஒன்று தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தால் அதுதான். ஒன்பது வயதுப் பையன் இதைப் பார்த்துவிட்டால் கேள்விகள் நிற்காது.

இனி 6 மணிப் பொட்டலம். ஆடுபுலி ஆட்டத்தை ஒரு துணியில் வரைந்து எடுத்துக்கொள்ளுங்கள், காகிதம் காற்றில் பறக்கும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். புலிக்கு 3 பெரிய சட்டைப் பொத்தான், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. தொலையுமென்று இரண்டிரண்டு கூடுதலாக. தாயத்துக்கு நான்கு உடைத்த புளியங்கொட்டைகளும் ஒரு தட்டும் போதும். பல்லாங்குழியும் நல்லதுதான், ஆனால் சோழி தளத்தின் பலகை இடுக்கில் விழுந்துவிடும். அடியில் ஜமுக்காளம் விரித்துக்கொண்டு ஆடுங்கள். ஆளுக்கொரு சிறு டார்ச்சும் ஒரு வெள்ளைத் துண்டும் இருந்தால் நிழல் பொம்மைகளிலேயே அரை மணி போகும்.

அந்த நேரத்தில் கெடுவது ஆட்டமல்ல, வசதிதான். பல படகுகளில் ஏசி இரவு 9 முதல் காலை 6 வரைதான் ஓடும். அதுவரை அறை புழுங்கும், எல்லோரும் தளத்தில்தான் இருப்பீர்கள். வயல் பக்கம் கட்டியிருந்தால் விளக்குக்குப் பூச்சி மொய்க்கும். பிள்ளைகள் உட்காரும் இடத்து விளக்கை அணைத்துவிட்டு மறுமுனை விளக்கை மட்டும் எரியவிடச் சொல்லுங்கள், பூச்சி அங்கே போய்விடும். முழுக்கைச் சட்டையும் காலை மூடும் உடையும் 5.30க்கே மாற்றிவிடுங்கள். இரவுச் சாப்பாடு 8, 8.30க்குத்தான் வரும். "பிள்ளைகளுக்கு மட்டும் 7 மணிக்கு" என்று ஏறும்போதே சமையல்காரரிடம் சொன்னால் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள், 6 மணிக்குச் சொன்னால் முடியாது. 4 மணித் தேநீரோடு பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) வரும், அதை அளவாகக் கொடுங்கள்.

காலைப் பொட்டலத்தில் சிறிய பைனாகுலர் ஒன்று போதும். 8 மடங்கு பெருக்குவது நல்லது. 10 மடங்கு என்றால் சின்னக் கை ஆட்டத்தில் படம் நிற்காது. 6 மணிக்கு எழுப்பிவிடுங்கள். இயந்திரம் ஓடாத, வெயில் ஏறாத அந்த ஒன்றரை மணி நேரம்தான் முழுப் பயணத்திலும் மிகச் சிறந்தது. பெரியவர்கள் தூங்கிக் கழித்துவிடுகிறார்கள் என்பது எங்களுக்கு வருத்தம்.

எடுத்துப்போகக் கூடாதவையும் சொல்லிவிடுகிறோம். பந்து வேண்டவே வேண்டாம். உருளும் பந்தைத் துரத்தும் பிள்ளை கைப்பிடிக் கம்பி எங்கே முடிகிறது என்று பார்க்காது. சோப்புக் குமிழி மரத்தளத்தை வழுக்க வைக்கும். சீட்டுக்கட்டு காற்றில் போகும். காகிதக் கப்பலை ஏரியில் விடக் கம்பிக்கு வெளியே குனிவார்கள். வாளித் தண்ணீரில் விடட்டும்.

மகள் 14, மகன் 12. இருவரும் கைபேசியை விட்டு நிமிர மாட்டார்கள். சின்னப் பிள்ளை விளையாட்டெல்லாம் எடுபடாது. (வாசகர், மதுரை)

கைபேசியைப் பிடுங்க வேண்டாம், அதையே வேலைக்கு வையுங்கள். படகின் வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். படகின் நீளத்தை ஸ்ராங்கிடம் கேட்டு மீட்டராக்கிக்கொள்ள வேண்டும். நடுத்தரப் படகு வீடு 65 அடி, அதாவது ஏறக்குறைய 20 மீட்டர். ஒருவர் முன்தளத்தில், ஒருவர் பின்பக்கம். மிதந்துவரும் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று முன்முனையைத் தாண்டும்போது மகள் "இப்போ" என்று குரல் கொடுக்க, அதே கொத்து பின்முனையைத் தாண்டும்வரை மகன் கைபேசியில் நொடியை எண்ணுகிறான். நீளத்தை நொடியால் வகுத்து 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 20 மீட்டர் படகென்றால் இன்னும் எளிது: 72ஐ நொடியால் வகுத்தால் போதும். 9 நொடி என்றால் 8 கிலோமீட்டர், 12 நொடி என்றால் 6. மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். பிறகு கைபேசி வரைபடம் காட்டும் வேகத்தோடு ஒப்பிடட்டும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் தண்ணீரே ஓடுகிறது என்று பொருள். கொத்தும் தண்ணீரோடு நகர்வதால் இந்தக் கணக்கு தண்ணீரைப் பொறுத்த வேகத்தைத் தரும், வரைபடம் கரையைப் பொறுத்த வேகத்தைத் தரும். இரண்டின் வித்தியாசம்தான் நீரோட்டம். பத்தாம் வகுப்புக் கணக்கு இது, பிள்ளைகள் விடமாட்டார்கள்.

வீட்டிலேயே ஆலப்புழை, குமரகம், தண்ணீர்முக்கம் வரையிலான வரைபடத்தை இறக்கிவைத்துக்கொண்டு, போன பாதையை ஒரு தாளில் வரையச் சொல்லலாம். தண்ணீர்முக்கம் தடுப்பணை எதற்கு என்று தேட வைக்கலாம்: கோடையில் கடலின் உப்புநீர் ஏறி நெல்லைக் கெடுக்காமலிருக்க மதகை அடைப்பார்கள். படகின் உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டுவள்ளம் என்றாலே கட்டிய வள்ளம்தான். பழைய முறையில் ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைப் பூசுவார்கள். உங்கள் படகில் அந்தத் தையல் தெரிகிறதா என்று அவர்களே தேடிப் படம் எடுக்கட்டும்.

8 மில்லிமீட்டர் பருமனில் 2 மீட்டர் பருத்திக் கயிறு ஒன்றும் கொடுங்கள். படகைக் கம்பத்தில் கட்டும் முடிச்சு: ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றின் மேல் குறுக்காகக் கொண்டுபோய் இரண்டாம் சுற்று, நுனியை இரண்டாம் சுற்றுக்கு அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். நாற்காலிக் காலில் பழகிவிட்டு மாலையில் படகு கட்டுபவரிடம் செய்துகாட்டட்டும். சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் பழகி முடித்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டும் ஆபத்து உண்டு.

கைபேசிக்குத் தண்ணீர் புகாத உறை, கழுத்துக் கயிற்றோடு. கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் படம் எடுப்பது கிடையாது. தண்ணீரில் விழுந்த கைபேசியைப் பிடிக்க ஒரு கணம் யோசிக்காமல் குனிகிறோம், அதுதான் பயம்.

இரண்டரை வயதுக் குழந்தையோடு போகலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

போகலாம், ஆனால் இராத்தங்கல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 3 வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் படகு வீடு பெரிய தொட்டிலும் அல்ல, விளையாட்டு மைதானமும் அல்ல. நடக்கத் தெரியும், ஆபத்து தெரியாது. 21 மணி நேரமும் ஒருவர் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கும், நடுராத்திரியில் கதவைத் திறந்துவிடுமோ என்று தூக்கமும் வராது. ஷிகாரா எனப்படும் கூரை போட்ட சிறு படகை இரண்டு மணி நேரத்துக்கு எடுங்கள். படகு வீடு நுழையாத சிறு வாய்க்கால்களுக்குள்ளும் அது போகும், கரையும் வாத்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். காலை 7 முதல் 9 வரை அல்லது மாலை 4க்கு மேல், குழந்தையின் தூக்க நேரத்தைத் தவிர்த்து.

படகு வீடுதான் என்று முடிவானால், முன்பணம் கொடுக்குமுன் நான்கு படங்கள் அனுப்பச் சொல்லுங்கள்: முன்தளக் கைப்பிடி, அறைக்கும் தளத்துக்கும் இடையிலான நடைபாதை, ஏறும் இடம், அறைக் கதவின் தாழ்ப்பாள். கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும். அந்தப் பக்கம் முழுக்க நைலான் வலையை முறுக்குப் பட்டைகளால் இறுக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். துப்பட்டா, கொசுவலை போன்றவற்றைக் கட்டி ஏமாறாதீர்கள். தாழ்ப்பாள் உயரமாக, உள்பக்கம் இருக்க வேண்டும். மேல்தளம் உள்ள படகு வேண்டாம்.

பொழுதுபோக்குக்கு அகலமான பிளாஸ்டிக் தொட்டி, அதில் மூன்று விரற்கடைத் தண்ணீர், ஒரு கரண்டி, இரண்டு கிண்ணம். ஏரியைவிட அந்தத் தொட்டிதான் அதற்குப் பெரிசு. விளையாடி முடித்த மறுகணம் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இவ்வளவு தண்ணீரிலும் குழந்தை மூழ்கும்.

லைஃப் ஜாக்கெட் போட்டாலே அழுது கழற்றிவிடுகிறாள், வயது 5. படகில் இருப்பதும் பெரியவர்கள் அளவாகத்தான் இருக்குமாமே? (வாசகர், நாகர்கோவில்)

சின்ன அளவு இருக்கும் என்று நம்பிப் போக முடியாது, சொந்தமாக வாங்கிவிடுங்கள். வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள், உள்பக்கச் சீட்டில் எத்தனை கிலோவுக்கு என்று அச்சிட்டிருக்கும். மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் குறித்திருப்பார்கள். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு. நீந்தத் தெரியாத குழந்தைக்கு 100 நியூட்டன், தலைக்குப் பின்னால் காலர், கால்களுக்கிடையே போகும் பட்டை, மூன்றும் வேண்டும். கைகளில் மாட்டும் காற்றுப் பை நீச்சல்குள விளையாட்டுப் பொருள், படகுக்கு ஆகாது. போட்டபின் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் பெரிது, தண்ணீரில் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும்.

அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் புழுக்கமும் கழுத்தை உரசுவதும்தான். உள்ளே பருத்திச் சட்டை, காலருள்ளதாக. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே வீட்டில் நாளுக்குப் பத்து நிமிடம் போட்டுக்கொண்டு படம் வரையவோ கதை கேட்கவோ செய்யுங்கள். பொம்மைக்கும் அட்டையில் ஒரு ஜாக்கெட் வெட்டி மாட்டுங்கள். படகில் பெரியவர்களும் போட்டிருந்தால்தான் அவள் போடுவாள். அப்பா நாற்காலியில் மாட்டிவைத்துவிட்டு மகளை மட்டும் போடச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. எப்போது கழற்றலாம்? அறைக்குள் கதவு தாழிட்ட பிறகு. படகைக் கட்டிவிட்டார்கள் என்பதற்காக அல்ல. கட்டிய படகுக்கும் கரைக்கும் நடுவில்தான் இடைவெளி இருக்கிறது, இருட்டும் இருக்கிறது, பெரியவர்களின் கவனமும் அப்போதுதான் தளர்கிறது.

இரண்டு குடும்பம், ஐந்து பிள்ளைகள். எதையாவது பார்த்தால் மொத்தமாக ஒரே பக்கம் ஓடுகிறார்கள். அதட்டியும் பயனில்லை. (வாசகி, ஈரோடு)

அதட்டலால் வராது, ஒரு தடவை கண்ணால் பார்த்தால் வரும். கிளம்புமுன் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சமையலுக்கு வாங்கும் அலுமினியத் தாளில் ஆளுக்கு 15 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக் கொடுங்கள். வாளியில் தண்ணீர், 60 ஒரு ரூபாய் நாணயம். எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் படகு செய்யட்டும். யார் படகு அதிக நாணயம் தாங்குகிறது என்று போட்டி. பெரும்பாலோர் கூர்மையாக, அழகாகச் செய்வார்கள், அது சீக்கிரம் சாய்ந்துவிடும். நான்கு ஓரமும் 2 சென்டிமீட்டர் மடித்துத் தட்டையாகச் செய்தால் தளம் 11 சென்டிமீட்டர் சதுரம். கணக்குப்படி 240 கிராம் தாங்கும். 2011க்குப் பின் வந்த ஒரு ரூபாய் நாணயம் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஆக 60 நாணயம் வரை ஏற்றலாம். தாள் வளைவதால் நடைமுறையில் அதைவிடக் குறையும்.

இப்போதுதான் பாடம். படகு நன்றாகத் தாங்கும் எண்ணில், 25 நாணயம் என்று வையுங்கள், அவற்றைப் பரப்பி வைத்தால் மிதக்கிறது. அதே 25ஐயும் ஒரு ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். சாய்ந்து, தண்ணீர் ஏறி, இறங்கிவிடும். நாணயம் கூடவில்லை, இடம்தான் மாறியது. எடை கூடாமலே படகு கவிழும் என்பதைப் பிள்ளைகள் இதைவிடத் தெளிவாகப் புரிந்துகொள்ள முடியாது. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அகன்ற தளம் கொண்ட படகு வீடு ஐந்து பிள்ளைகளால் கவிழ்ந்துவிடாது. ஆனால் அதே பழக்கம் சிறிய படகிலும் மேல்தளத்திலும் உயிரைக் குடிக்கும்.

படகில் ஆளுக்கொரு "காவல் இடம்" பிரித்துவிடுங்கள், இரண்டு பேர் இடப்பக்கம், இரண்டு பேர் வலப்பக்கம், ஒருவர் ஸ்ராங்கின் பின்னால். உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் பக்கம் பார்த்ததைக் கூவிச் சொல்ல வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றம். அதிகம் கண்டுபிடித்த பக்கத்துக்கு முதல் பழம்பொரி. பெரியவர்களுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. நான்கு பெரியவர்கள் இருந்தால் "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று நால்வரும் நினைப்பார்கள். ஒரு தொப்பியை வையுங்கள். அதைப் போட்டிருப்பவர் 30 நிமிடம் கைபேசியைத் தொடாமல் பிள்ளைகளை மட்டும் பார்க்கிறார், பிறகு தொப்பியை அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுத்தான் நகரலாம். தண்ணீரில் விழுந்த குழந்தை கத்தாது, வாயில் தண்ணீர் இருக்கும். சத்தம் கேட்டால் ஓடலாம் என்று இருக்க முடியாது. மிதவை வளையம் எங்கே தொங்குகிறது என்பதை ஏறியதும் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். யாராவது விழுந்தால் ஒருவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க, ஒருவர் வளையத்தை வீச, ஒருவர் ஸ்ராங்கிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

பேரன் தூண்டில் போட வேண்டும் என்கிறான், வயது 8. விடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

தாராளமாக. கட்டிய படகில் 5.30 முதல் 6.30 வரைக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. ஒன்றரை மீட்டர் மூங்கில் குச்சி, அதே நீளத்துக்கு நரம்பு, சிறு முள், ஒரு மிளகளவு ஈயம், தக்கை. சக்கரம் வைத்த தூண்டில் வேண்டாம், வீசும்போது முள் பின்னால் நிற்பவர் மேல் பாயும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் சில தப்பும், ஆனால் விரலில் ஏறினால் உருவி எடுத்துவிடலாம். இரைக்கு மைதா மாவில் துளி எண்ணெய் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து பட்டாணி அளவு. தளர்வாக இருந்தால் தண்ணீரில் கரைந்து, வெறும் முள்ளோடு காத்திருப்பான். உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும், ஜாக்கெட்டோடு, நீங்கள் பக்கத்தில். 20 நிமிடத்தில் ஒன்றும் சிக்காவிட்டால் இரையைச் சமையலறைச் சோற்றுக்கு மாற்றிப் பாருங்கள். முடிந்ததும் முள்ளை ஒரு தக்கைத் துண்டில் குத்தி உடனே மூடி வையுங்கள். வெறுங்காலோடு நடக்கும் தளம் அது.

படகு வீட்டு வாடகை கட்டுப்படியாகாது. பிள்ளைகளுக்கு அந்த அனுபவம் கிடைக்க வேறு வழி? (வாசகி, தென்காசி)

ஆலப்புழைப் படகுத் துறையிலிருந்து கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் பயணிப் படகுகள் போகின்றன, கட்டணம் பேருந்து அளவுதான். கோட்டயம் வரை சுமார் இரண்டரை மணி நேரம். நெடுமுடி, காவாலம் பக்கமும் படகு உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் அரிசி மூட்டையும் ஏறி இறங்கும் படகு அது. எங்களைக் கேட்டால் பத்து வயதுப் பிள்ளைக்குப் படகு வீட்டைவிட இதுவே சுவையானது. ஒவ்வொரு துறையின் பெயரையும் மலையாள எழுத்தோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளை கோட்டயம் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து எழுத்தைப் பிடித்துவிடும். படகில் கழிப்பறை இருக்கும் என்று எண்ணாதீர்கள், ஏறுமுன் கூட்டிப்போய்விடுங்கள். துறையில் அணையும்போது தலை, கை எதுவும் வெளியே இருக்கக் கூடாது, படகு சுவரை உரசும்.

பிச்சாவரத்துக்கு 7, 10 வயதுப் பிள்ளைகளோடு போகிறோம். வெறும் மரங்கள்தானே, என்ன காட்டுவது? (வாசகர், விழுப்புரம்)

மோட்டார் படகை விட்டுத் துடுப்புப் படகை எடுங்கள், அதுதான் குறுகிய வாய்க்காலுக்குள் போகும். காலை 10 மணிக்குள் ஏறிவிட்டால் வெயில் தாங்கும். சுரபுன்னையின் கிளையில் முருங்கைக்காய்போல் தொங்குவது காயல்ல, மரத்திலேயே முளைவிட்ட கன்று. விழுந்து சேற்றில் குத்தி நின்றால் வேர் பிடிக்கும், மிதந்துபோனால் வேறிடத்தில் ஒதுங்கி முளைக்கும். வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து ஆயிரம் பென்சில் நிற்பதுபோல் மேல்நோக்கி வளர்ந்திருப்பவை மூச்சு வேர்கள், சேற்றுக்குள் காற்று இல்லாததால். நீர் வற்றிய நேரமென்றால் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் சேற்றில் கையசைத்துக்கொண்டிருக்கும். பெரிய கொடுக்குள்ளவை ஆண். இடது கொடுக்கு பெரிதா வலது பெரிதா என்று 20 நண்டுகளை எண்ணச் சொல்லுங்கள், படகோட்டி நிறுத்தினாலும் பிள்ளைகள் இறங்க மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. இலையைப் பறிக்கக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இந்தக் காட்டு மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்புளம். பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணீரால் 15 நிமிடம் கழுவி நேராக மருத்துவரிடம் போங்கள். அதற்காகவே ஆளுக்கு ஒரு லிட்டர் குடிநீர் கூடுதலாக இருக்கட்டும்.

படகில் வாந்தி வருமா? (வாசகி, சேலம்)

காயல் என்ற உப்பங்கழியில் அலை குறைவு, பெரும்பாலும் வராது. வந்தால் காரணம் டீசல் புகையும், குனிந்து கைபேசி பார்ப்பதும்தான். முன்தளத்தில் உட்காரவைத்துத் தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிறும் கூடாது, பூரியும் கூடாது. இரண்டு இட்லி சரி. இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். மாத்திரை கொடுப்பதென்றால் குழந்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும்.

ஏற்காட்டில் பெடல் படகு. ஆறு வயதுப் பெண்ணுக்குக் கால் எட்டாது, பத்து நிமிடத்தில் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள். (வாசகர், தர்மபுரி)

நால்வர் படகை எடுத்துப் பெரியவர்கள் இருவரும் மிதியுங்கள். திருப்பும் கைப்பிடி அவள் கையில். "அந்த மரத்துக்கு நேராக", "அந்தச் சிவப்புப் படகைத் தொடாமல் சுற்றி வா" என்று அவளுக்கு இலக்கு கொடுங்கள். கைப்பிடியைத் திருப்பினால் படகு உடனே திரும்பாது, இரண்டு மூன்று மிதி கழித்துத்தான் திரும்பும். அதைப் பிடிபடுத்திக்கொள்ளவே அவளுக்கு அரை மணி நேரம் வேண்டும். பிற்பகலில் காற்று எழுந்தால் படகு ஓரம் ஒதுங்கும், மிதித்துக் கால் வலிக்கும், காலையில் போங்கள்.

அக்டோபர் விடுமுறையில் ஆலப்புழை போகிறோம். மழை வந்தால்? (வாசகி, கரூர்)

கேரளத்தில் அக்டோபர், நவம்பரில் துலா மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். வேம்பநாட்டு ஏரியின் திறந்த பரப்பில் மின்னல் ஆபத்தானது. ஆகவே ஏரியின் அகன்ற பகுதியை 2 மணிக்குள் சுற்றிவிட்டு, பிறகு வாய்க்கால் பக்கம் ஒதுங்கும்படி ஏறும்போதே ஸ்ராங்கிடம் பேசிக்கொள்ளுங்கள். இடி கேட்டதும் பிள்ளைகளை மேல்தளத்திலிருந்தும் கம்பியோரத்திலிருந்தும் நடு அறைக்குக் கூட்டிவாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணச் சொல்லி 3ஆல் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். பயமும் பாதி குறையும். கடைசி இடி ஓய்ந்து அரை மணி கழியும்வரை வெளியே விடாதீர்கள். அந்த அரை மணிக்குத்தான், முதல் பதிலில் சொன்ன 6 மணிப் பொட்டலத்தை முன்கூட்டிப் பிரிக்கலாம். மழையில் நனைந்த தளம் சோப்புத் தளம் மாதிரி, துடைத்து முடித்தார்களா என்று பார்த்துவிட்டு வெளியே அனுப்புங்கள்.